டிராம் நின்றது, தடம் நிலைத்தது

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டுக்குத் தெற்கே மில்வாக்கி, கிளாட்ஸ்டோன் என்று இரண்டு சிற்றூர்கள். இரண்டையும் இணைக்கிறது சுமார் 10 கி.மீ. நீளமுள்ள 'டிராலி டிரெயில்'. இன்று நடப்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் பயன்படுத்தும் இந்தப் பாதையில் ஒரு காலத்தில் ஓடியது மின்சார டிராம்.

ஏன் வந்தது?

ஆரிகன் சிட்டியில் உள்ள வில்லாமெட் அருவியின் நீர்மின்சாரம் 1889-லேயே 14 மைல் கம்பி வழியாகப் போர்ட்லண்டை எட்டிவிட்டது. நான்கே ஆண்டுகளில், 1893-இல், போர்ட்லண்டுக்கும் ஆரிகன் சிட்டிக்கும் இடையே, மில்வாக்கி, கிளாட்ஸ்டோன் வழியாக, மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. ஊர்விட்டு ஊர் சென்ற அமெரிக்காவின் ஆரம்பகால மின்சார டிராம்களில் இதுவும் ஒன்று. வழியில் டிராம் நின்ற இடங்களையொட்டிக் குடியிருப்புகள் பெருகின.

ஏன் நின்றது?

கார்கள் பெருகியதும் கூட்டம் குறைந்தது. 1956-இல், போர்ட்லண்டில் வில்லாமெட் ஆற்றைக் கடக்கும் ஹாதோர்ன் பாலத்தின் வழியாக டிராம் செல்வது நின்றது. நகர மையத்துக்குப் போக வேண்டியவர்கள் ஆற்றின் கிழக்குக் கரையிலேயே இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டியதாயிற்று. நேராகப் போய்ச் சேராத வண்டியில் யார் ஏறுவார்கள்? 1958 ஜனவரியில் பயணிகள் சேவை முடிந்தது. 1968-இல் சரக்குப் போக்குவரத்தும் நின்றது.

எப்படி மீண்டது?

டிராம் தடத்தில் செங்குத்தான ஏற்றமோ சட்டென்ற திருப்பமோ இருக்காது. முழங்கால் வலிக்காரருக்கும் சைக்கிள் பழகும் பிள்ளைக்கும் அதுவே வசதி. ஆனால் நிலம் அறுபடாமல் கிடைக்க வேண்டும். நடுவில் நான்கு மனை விற்றுப்போனாலும் பாதை துண்டாகிவிடும். எனவே மெட்ரோ என்ற வட்டார அரசு அமைப்பும் வடக்கு கிளாக்கமஸ் பூங்கா நிர்வாகமும் சேர்ந்து 2001-இல் தடத்தின் நிலத்தை விலைக்கு வாங்கின. பாதை திறக்கப்பட்டது 2012-இல்.

நழுவியது எது?

கிளாட்ஸ்டோனில் கிளாக்கமஸ் ஆற்றின் மேல் டிராம் போன பழைய பாலம் மிச்சமிருந்தது. அதைச் சீரமைத்தால் பாதையை ஆரிகன் சிட்டிவரை நீட்டலாம் என்று நினைத்தார்கள். 2014 மார்ச்சில் வெள்ளத்தில் பாலம் சரிந்தது, பிறகு அகற்றப்பட்டது.

அடுத்த ஆண்டே இன்னொரு திருப்பம். 2015 செப்டம்பரில் போர்ட்லண்டிலிருந்து மில்வாக்கிக்குப் புதிய மின்சார ரயில் வந்தது. அதன் கடைசி நிலையமான பார்க் அவென்யூவில் இறங்கினால் பக்கத்திலேயே டிராலி டிரெயில்.

கைவிடப்பட்ட தடங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. தண்டவாளத்தை எப்போது வேண்டுமானாலும் மறுபடி போடலாம். மனை மனையாக விற்ற நிலத்தை ஒன்றுசேர்ப்பது ஏறத்தாழ முடியாத காரியம். பாதை போடப் பணம் பிறகு வரட்டும். நிலத்தை முதலில் காப்பாற்ற வேண்டும்.