சாவுக்குப் பாஸ் கிடைத்தது; தாயைப் பார்க்கக் கிடைக்கவில்லை!

பெரம்பலூர்,

பெரம்பலூரில் இருந்து சென்னை ரோட்டில் போனால் திருமாந்துறை டோல்கேட். அதைத் தாண்டினால் வெள்ளாறு. அக்கரையில் தொழுதூர்; அது கடலூர் மாவட்டம். இந்தக் கரையில் மகளைக் கட்டிக் கொடுத்து, அந்தக் கரையில் தாய் இருக்கிற குடும்பங்கள் எத்தனையோ!

2020-ல் கொரோனா வந்தபோது இந்த ஆற்றைத் தாண்ட "இ-பாஸ்" கேட்டார்கள்.

பாஸ் எதற்குக் கிடைக்கும்? கல்யாணம், சாவு, அவசர வைத்தியம். உள்ளூர்க்காரர்களுக்கு முக்கியமாக இந்த மூன்றுதான்.

"வயசான அம்மா தனியா இருக்கு, ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்றால்? அந்தக் காரணம் பட்டியலிலேயே இல்லை. செத்த பிறகு போகலாம். உயிரோடு இருக்கும்போது போக முடியாது!

ஜூன் 1-ந் தேதி பஸ் ஓடியது. அப்போதும் பெரம்பலூர், திருச்சி, தஞ்சாவூரோடு 4-வது மண்டலம். கடலூர் 3-வது மண்டலம். மண்டலம் விட்டு மண்டலம் போகப் பாஸ் வேண்டும். மாத முடிவுக்குள் அந்த பஸ்சும் நின்றது. செப்டம்பர் 1-ந் தேதிதான் மாநிலத்துக்குள் பாஸ் ஒழிந்தது.

மார்க்கெட்டில் இருந்து வந்த வினை

கட்டுப்பாடு சும்மா போட்டது அல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர்களில் பலர் அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் பக்கத்து ஆட்கள். 2020 மே 5-ந் தேதி மார்க்கெட் மூடப்பட்டது. அதையொட்டிக் கிடைத்த லாரியில் ஏறி ஊருக்கு வந்தார்கள். நோயும் கூடவே வந்தது. அதுவரை விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் நோயாளிகள் இருந்த அரியலூரில், சில நாளில் நூற்றுக்கணக்கில் ஏறிப் போனது!

வந்தவர்களைப் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் தங்க வைத்தார்கள். மகன் ஊருக்கு வந்தான். ஆனால் வீட்டுக்கு வரவில்லை.

60 வயசு தாண்டியவர்கள் வெளியே போக வேண்டாம், வீட்டுக்கு ஆள் வருவதையும் தவிர்க்க வேண்டும் என்று மத்திய சமூக நீதி அமைச்சகம் அந்த ஏப்ரலிலேயே சொல்லி விட்டது. பார்த்தே தீர வேண்டுமானால் ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டுமாம். ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீட்டில் ஒரு மீட்டருக்கு எங்கே போவது?

கேட் சாத்தப்பட்டது

முதியோர் இல்லங்களின் நிலைமை இன்னும் மோசம். அங்கே பொதுச் சாப்பாடு, பொதுக் குளியல் அறை. ஒரே ஆயா பத்துப் பேரைத் தூக்கி உட்கார வைப்பார். ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். 2021 நவம்பரில் மராட்டியத்தில் தானே மாவட்டத்து இல்லம் ஒன்றில் 60 பேருக்கு மேல் நோய் தொற்றியது. அவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டுக் கொண்டவர்கள்!

அதனால் கேட்டைச் சாத்தினார்கள். பிறந்த நாள், திதி என்று சாப்பாடு போட வருகிறவர்களும் நின்று போனார்கள். சொந்தக்காரர்களுக்கு வீடியோ கால் மட்டும். காது மந்தமான கிழவருக்கு அந்தச் சின்னக் கண்ணாடியில் யார் முகம் தெரியும், யார் குரல் கேட்கும்?

போலீஸ் செய்தி எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பார்க்க வருகிற மகனும் மகளும்தான் ஒரு இல்லத்துக்கு நிஜமான இன்ஸ்பெக்டர். படுக்கைப் புண், அழுக்குத் துணி, மெலிந்த உடம்பு எல்லாம் அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். அந்தக் கண் இல்லாமல் போனால் என்ன ஆகும்?

கனடா நாட்டில் மாண்ட்ரியால் அருகே ஹெரான் என்று ஒரு இல்லம். பணக்காரர்கள் இருந்த இடம். 2020 வசந்த காலத்தில் அங்கே வேலையாட்கள் பலர் வராமல் நின்று விட்டார்கள். கிழவர்கள் தண்ணீர் இன்றி, துணி மாற்ற ஆள் இன்றிக் கிடந்தார்கள். சில வாரங்களில் 31 பேர் பிணம்! சொந்தக்காரர்கள் உள்ளே போக முடியாத நேரம் அது.

ஹாலந்து நாட்டுக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். 2020 மார்ச்சில் கேட்டைச் சாத்தியவர்கள், மே மாதம் 26 இல்லங்களில் மட்டும் பரீட்சை நடத்தினார்கள். ஒரு முதியவருக்கு ஒரே ஒரு விருந்தாளி என்று கணக்கு. முதல் சில வாரங்களில் அதனால் நோய் பரவவில்லை. பிறகு மற்ற இல்லங்களிலும் கதவைத் திறந்தார்கள்.

சேர்ந்த இரண்டு வார்த்தை

நம் ஊரிலும் மாற்றம் வந்தது. 2021 மே மாதம் இரண்டாவது அலை. 17-ந் தேதி முதல் வெளியே போக "இ-பதிவு" வேண்டும் என்றார்கள். சாவு, வைத்தியம் ஆகியவற்றோடு இந்தத் தடவை பட்டியலில் "முதியோர்களுக்கான தேவை" என்பதும் இருந்தது. இரண்டே வார்த்தைதான். போன வருஷம் அது இருந்திருந்தால் எத்தனை பேர் வெள்ளாற்றைத் தாண்டி இருப்பார்கள்!

அது வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு உதவியது. இல்லத்தில் இருக்கிறவர்கள்? அங்கே கேட்டைத் திறப்பதும் சாத்துவதும் மானேஜர் கையில்.

2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் நம்மிடம் இருக்கிறது. கவனிக்காத பிள்ளையிடம் மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை வாங்கித் தரும். ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்தால் போதும், வக்கீல் வேண்டாம். சாப்பாடு, துணி, வீடு, வைத்தியம் என்று அதில் எழுதி இருக்கிறது. பிள்ளை வந்து பார்ப்பது பற்றி ஒரு வரி கிடையாது. மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லம், அதில் குறைந்தது 150 பேருக்கு இடம் என்பதும் "அமைக்கலாம்" என்ற அளவில்தான். இந்தச் சட்டத்தைத் திருத்த 2019 டிசம்பரில் பாராளுமன்றத்தில் மசோதா வந்தது. 2024-ல் சபை கலைந்தது, மசோதாவும் போயிற்று.

சீனாவில் பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று 2013-லேயே சட்டம் போட்டு விட்டார்கள். இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 6-ந் தேதி முதல், தகுந்த காரணம் இல்லாமல் பார்க்க வருகிறவரை இல்லம் தடுக்கக் கூடாது என்று விதி.

இங்கே இப்போதைக்கு இருப்பது ஒரு டெலிபோன் நம்பர். 14567. முதியோர்களுக்காக 2021-ல் தொடங்கியது. கூப்பிடக் காசு கிடையாது.