ஜியு-ஜிட்சு: தொடக்கநிலைப் பயிற்சி

ஜியு-ஜிட்சு என்பது எதிராளியைப் பிடித்துத் தரையில் வீழ்த்தி, மூட்டுப் பூட்டு அல்லது கழுத்துப்பிடி மூலம் பணியவைக்கும் தற்காப்புக் கலை ஆகும். இன்று உலகெங்கும் பயிலப்படும் பிரேசிலிய முறையின் போட்டிகளில் குத்து, உதை ஆகியவற்றுக்கு இடமில்லை.

தோற்றம்

ஜப்பானின் பழைய ஜுஜுட்சு முறைகளைச் சீர்செய்து கானோ ஜிகோரோ 1882-இல் ஜூடோவை உருவாக்கினார். அவரது பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசில் சென்றார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பி எலியோவும் தரைப்பிடிகளை முதன்மைப்படுத்தி இக்கலையை வளர்த்தனர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இது முதன்முறையாக இடம்பெற்றது.

பிடிச்சண்டை தமிழருக்குப் புதியதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனுடன் பொருததைப் புறநானூற்றின் 80-ஆம் பாடல் கூறுகிறது. ஒரு காலை மல்லனின் மார்பில் மண்டியிட்டு, மறுகாலால் அவன் முயற்சியைத் தடுத்ததாக அதில் வருகிறது. எதிராளியை முழங்காலால் அழுத்தி நிறுத்தும் நிலை ஜியு-ஜிட்சுவிலும் உண்டு.

முதலில் கற்க வேண்டியவை

விழும் முறை, இடுப்பை நகர்த்தித் தப்பும் முறை, தட்டுதல் ஆகிய மூன்றும் முதல் பாடங்கள். தட்டுதல் என்பது பிடியில் சிக்கியவர் எதிராளியின் உடலிலோ தரையிலோ பலமுறை தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வது. கை சிக்கியிருந்தால் வாயால் சொல்லலாம். கழுத்துப்பிடி மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் சில நொடிகளில் மயக்கம் வரும். குதிகால் முறுக்கில் வலி தெரியும் முன்பே முழங்கால் தசைநார் கிழியக்கூடும். எனவே தட்டுவது கோழைத்தனம் அன்று. தட்டியதும் விடாதவருடன் பயிலக் கூடாது.

அடுத்தது 'முதலில் நிலை, பிறகு பிடி' என்னும் விதி. போட்டிப் புள்ளிகளும் இதையே காட்டுகின்றன: எதிராளியின் கால்களைக் கடந்து பக்கவாட்டில் அடக்கினால் 3, மேலே அமர்ந்தாலோ முதுகைப் பிடித்தாலோ 4.

பெரியவர்களுக்கு வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்பது பட்டை வரிசை. நீலப் பட்டைக்குக் குறைந்தது 16 வயது ஆகவேண்டும்.

உடல்நலம்

நகத்தை ஒட்ட வெட்டுதல், ஒவ்வொரு பயிற்சிக்கும் துவைத்த உடை, பயிற்சி முடிந்ததும் குளியல் ஆகியவை கட்டாயம். படர்தாமரை விரிப்பின் வழியாகவும் உடல் தொடர்பாலும் பரவும். அது உள்ளவர் குணமாகும்வரை ஒதுங்கியிருக்க வேண்டும்.

பயிற்சிக்கூடம் இல்லாத ஊர்களில்

திருப்பத்தூர் மாவட்டத்தின் நாட்றம்பள்ளி போன்ற சிற்றூர் மாணவர்கள் பயிற்சிக்காகப் பெருநகரம் செல்வது எளிதன்று. அவர்கள் அருகில் கிடைக்கும் ஜூடோ அல்லது மல்யுத்தத்தில் தொடங்கலாம். விழுதல், சமநிலை, பிடி ஆகியவை மூன்றுக்கும் பொது. காணொளி பார்த்து இடுப்பசைவுகளைத் தனியே பழகலாம். கழுத்துப்பிடியையும் மூட்டுப் பூட்டையும் ஆசிரியர் இல்லாமல் நண்பர்மீது முயலக் கூடாது.