பொந்துக்குள் தேரை!

மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜா ஆண்ட ஊர். அதை ஒட்டிய கோட்டைக் கொச்சியோ 1795 முதல் 1947 வரை வெள்ளைக்காரர் வசம் இருந்தது. அந்த வெள்ளைக்காரர் நாட்டில், எளிய வீடுகளில் செய்யும் ஒரு பண்டத்துக்குப் பெயர் ‘பொந்துக்குள் தேரை’. முகம் சுளிக்க வேண்டாம். கல்லுக்குள் தேரை போல மாவுக்குள் இருந்து தலைகாட்டுவது சாசேஜ். அதாவது, கொத்திய இறைச்சியைக் குடல் தோலில் அடைத்தது.

கொஞ்சம் கறியைக் கொண்டு பலர் வயிற்றை நிரப்பும் சிக்கன வழி இது. 1747-ல் ஹன்னா கிளாஸ் அம்மையார் வெளியிட்ட சமையல் நூலில் சாசேஜுக்குப் பதில் புறா!

4 பேருக்கு 4 சாசேஜ் போதும். ஒரு தம்ளர் மைதா, ஒரு தம்ளர் பால், 3 முட்டை, உப்பு சேர்த்துக் கட்டியில்லாமல் அடித்து அரை மணி நேரம் வைக்கவும். ஆழமான தட்டில் எண்ணெய் விட்டு, சாசேஜை ஓவனில் சிவக்க விடவும். எண்ணெய் புகையக் காய்ந்ததும் மாவை ஊற்றி, 220 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வேகவிடவும்.

ஆப்பசோடா வேண்டாம், மாவிலுள்ள நீர் ஆவியாகி அதைத் தூக்கிவிடும். எண்ணெய் காயாவிட்டாலும், நடுவில் கதவைத் திறந்தாலும் மாவு அமுங்கிவிடும். தொட்டுக்கொள்ள வெங்காயக் குழம்பு.

மாதக் கடைசியில் ஆளுக்கு ஒரு துண்டு கறியாவது தட்டில் விழ வேண்டும் என்ற கவலை, கடல் கடந்த வீடுகளிலும் இருந்திருக்கிறது.