கரிசல் வீட்டு அறிவு (14): கரம்பையில் அலசிய கூந்தல்

கோவில்பட்டி வட்டாரத்து இடைசெவலைச் சுற்றிய கரிசல் ஊர்களில் தாயும் மகளும் சேர்ந்து பேணிய தலைமுடியைப் பற்றிய இப்பகுதி, சென்ற வாரம் அறிவித்தபடி, சடை பின்னுதலைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும். வளைந்த மயிர்க்காலிலிருந்து முளைக்கும் சுருள்முடியில் தலைத்தோலின் எண்ணெய்ப் பசை நுனிவரை இறங்குவதில்லை என்பதும், அதனாலேயே அம்முடி எளிதில் வறண்டு சிக்கு விழுகிறது என்பதும் முன்பே சொல்லப்பட்டுவிட்டன. பின்னலுக்குப் போகுமுன், தேய்த்த எண்ணெயை எடுப்பதற்குப் பயன்பட்ட மண்ணைப் பற்றி ஒரு பத்தி எழுதிக் கடந்துவிடலாம் என்பதே திட்டம். ஆனால் அந்த மண் ஒரு பத்தியில் அடங்கும் பொருள் அன்று.

கரம்பை என்பது, கரிசல் காட்டின் மேல்மண்ணை மழைநீர் அரித்துக்கொண்டு வந்து கண்மாயின் உள்வாயில் படியவிடும் மிக நுண்ணிய கரிய வண்டல் ஆகும். மழை குறைந்த இந்த மானாவாரிப் பகுதியில் கோடைக்குள் கண்மாய்கள் வற்றிவிடுவதால், அவ்வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சம்சாரிகள் எனப்படும் வேளாண் குடிகள் சித்திரை, வைகாசி மாதங்களில் வண்டி பூட்டி அதை வெட்டியெடுத்துப் புஞ்சைக்குக் கரம்பை அடிப்பது நெடுநாளைய வழக்கம். நிலத்துக்கு உரமாகப் போன அதே கரம்பையிலிருந்து, கல்லும் சிப்பியும் வேரும் இல்லாத கட்டிகளாகப் பார்த்துப் பெண்கள் தனியே எடுத்து, வெயிலில் உலர்த்தி, உடைத்துச் சலித்துப் பானையில் சேர்த்துவைத்தனர். தலை முழுகும் நாளுக்கு முந்தைய இரவு அதில் இரண்டு கை அள்ளி நீரில் ஊறப்போட்டால், விடிவதற்குள் கட்டிகள் தாமாகவே கரைந்து விரலில் வழுக்கும் கூழாகிவிடும். அம்மியோ உரலோ வேண்டியதில்லை. கடைக்குப் போக வேண்டிய பொருள் ஒன்றுகூட அதில் இல்லை.

இவ்வாறு தானே கரைந்து குழையும் இயல்புக்குக் காரணம், கரிசலில் மிகுந்துள்ள மான்ட்மோரில்லோனைட்டு என்னும் களிமக் கனிமம். ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே தடிமன் உள்ள தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது இதன் அமைப்பு. தகடுகளுக்கிடையிலான பிணைப்பு வலுவற்றது என்பதால் நீர் உள்ளே நுழைந்து அவற்றை விலக்குகிறது, மண் உப்புகிறது, நீர் போனதும் சுருங்கி வெடிக்கிறது. கோடையில் கரிசல் காடு ஆளின் கால் இறங்கும் அளவுக்குப் பிளந்து கிடப்பதும், கிண்ணத்தில் கரம்பை குழைவதும் ஒரே பண்பின் இரு வெளிப்பாடுகள். இந்தத் தகடுகளின் பரப்பு எவ்வளவு என்பதே இந்த வாரத்தின் பெரும் வியப்பு: ஒரு கிராம் மான்ட்மோரில்லோனைட்டின் தகடுகளை எல்லாம் பிரித்து விரிக்க முடியுமானால் அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 700 சதுர மீட்டர், அதாவது நிலக் கணக்கில் சற்றேறக்குறைய 17 சென்ட். வீடு கட்டித் தோட்டமும் போடக்கூடிய ஒரு மனைப் பரப்பு, மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை களிமத்துக்குள் மடிந்திருக்கிறது என்றால், ஒரு கை கரம்பை தலையிலுள்ள மிகையான எண்ணெயையும் புழுதியையும் ஏன் அவ்வளவு நன்றாக வாங்கிக்கொள்கிறது என்பது விளங்கும். செம்மண்ணில் மிகுந்த கயோலினைட்டு என்னும் களிமத்துக்கு இந்த ஆற்றல் இல்லை. தகடுகளின் மேல் ஒட்டும் உப்பு அயனிகளை மாற்றிக்கொள்ளும் திறனை அளந்தால், 100 கிராமுக்குக் கயோலினைட்டு 3 முதல் 15 மில்லி ஈக்விவலண்ட் வரை காட்டும்போது மான்ட்மோரில்லோனைட்டு 80 முதல் 150 வரை காட்டுகிறது. செவல் என்னும் செம்மண் நிலத்து மண்ணை ஒருவரும் தலைக்குத் தேய்த்துக்கொள்ளாமல் கரிசல் மண்ணை மட்டும் தேடி எடுத்தது, ஆய்வுக்கூடம் பிறகு கண்டதைக் கை முன்பே அறிந்திருந்ததைக் காட்டுகிறது.

கம்பளி நெய்த நாடுகளிலும் ஆட்டு மயிரின் பிசுக்கை எடுக்க இதே இனக் களிமண்ணையே மிதித்துத் துவைத்தார்கள். கம்பளியும் கூந்தலும் கெரட்டின் என்னும் ஒரே புரதத்தால் ஆனவை என்பதால் இந்த ஒற்றுமை தற்செயலானது அன்று. கடைகளில் பொட்டலமாக விற்கும் முல்தானி மட்டியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

கரம்பையின் அருமையைத் தண்ணீரோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுமையாக உணர முடியும். கரிசல் கிணறுகள் பலவற்றில் ஊறுவது உப்புத் தண்ணீர். அதில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுதி. சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பு. அது இந்த நீரோடு சேரும்போது கரையாத பிசினாகத் திரிந்து முடியின் மேல் படிகிறது. நேர்முடியில் அது வெறும் மொரமொரப்பாகத் தெரியும். இயல்பிலேயே வறண்ட சுருள்முடியிலோ இழைகள் ஒன்றோடொன்று கொக்கிபோட்டுக்கொண்டு சீப்பு இறங்காத நிலை உண்டாகும். கரம்பைக்கு நுரை வேண்டியதில்லை. சீயக்காயிலும், உசிலை இலையை உலர்த்தி இடித்த அரப்பிலும் உள்ள சப்போனின் என்னும் நுரைப்பொருள், சோப்பைப்போல் உப்புத் தண்ணீரில் திரிந்து பிசினாவதில்லை. ஆகவே கரம்பை, அரப்பு, சீயக்காய் ஆகிய மூன்றும் ஏழ்மையின் மாற்றுப்பொருள்களாக மட்டும் கருதப்பட வேண்டியவை அல்ல. இந்த நீருக்கும் இந்த முடிக்கும் பொருந்தியவை எவை என்று பல தலைமுறைத் தாய்மார் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தவை அவை. கரிசல் மண் சற்றே காரத்தன்மை உடையது, காரம் முடியின் மேற்செதிலைத் தூக்கிவிடும் என்பது இதன் ஒரே குறை. கடைசி அலசலுக்குப் புளித்த மோரோ சீயக்காய்த் தண்ணீரோ ஊற்றிய வழக்கம், அவற்றின் மெல்லிய புளிப்பால் அந்தக் குறையை ஈடுசெய்தது.

இனித் தாயின் கையை அருகில் நின்று பார்க்கலாம். முற்றத்திலோ கிணற்றடியிலோ தாய் துவைகல்லில் அமர, மகள் அவளுடைய முழங்கால்களுக்கிடையே தரையில் உட்காருகிறாள். நனைந்த முடி பிடரியிலிருந்து உச்சிவரை நான்கு பங்காகப் பிரிக்கப்பட்டு, மூன்று பங்கு முறுக்கி ஒதுக்கப்படுகிறது. எஞ்சிய ஒரு பங்கில் கூழ் தடவப்பட்டதும் சீப்பு எடுக்கப்படுவதில்லை. முதலில் நுனியில் நான்கு விரற்கடை அளவுக்கு விரல்களாலேயே சிக்கெடுத்து, பிறகு அதற்கு மேலே, அதற்கும் மேலே என்று ஏறி, இழை தன்போக்கில் நழுவும் நிலை வந்த பிறகே அடுத்த பங்குக்குக் கை போகிறது. சிக்கு இறுகிய இடத்தில் தாய் அதற்கு மேற்பகுதியை மற்றொரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் இழுவை மயிர்க்காலுக்கு எட்டுவதில்லை. ஆயினும் குழந்தை நெளியும், “ஆடாம இரு தாயி, முடிஞ்சிருச்சு” என்ற சொல் முடிவதற்கு வெகுநேரம் முன்பிருந்தே வந்துகொண்டிருக்கும். வறண்ட முடியைச் சீப்பால் வேரிலிருந்து கீழே இழுப்பதுதான் சுருள்முடி ஒடிவதற்குப் பெருங்காரணம். வழுக்கும் பூச்சு ஒன்றைத் தடவி, ஈரமாக இருக்கும்போதே, நுனியிலிருந்து பிரிக்க வேண்டும் என்பதுதான் தோல் மருத்துவர்களும் சுருள்முடிக்காரர்களுக்குச் சொல்வது.

இதே முறையை, ஏறத்தாழ இதே அமர்விலேயே, அமெரிக்கக் கறுப்பினத் தாய்மார் தங்கள் பெண்களுக்குச் செய்கிறார்கள். வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ தலையை அலசி, பங்கு பங்காகப் பிரித்துச் சிக்கெடுத்துப் பின்னுவதற்கென்றே அரை நாளை ஒதுக்கிவைக்கும் வழக்கம் அங்கு உண்டு. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் கறுப்பின முடிக்குப் பரிந்துரைக்கும் இடைவெளியும் அதுவே. அங்கு இயற்கைச் சுருளை அப்படியே பேணும் இயக்கம் வலுப்பெற்றபோது, ஷாம்பூவுக்கு மாற்றாகப் பலரும் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று மொராக்கோவின் அட்லஸ் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கப்படும் ரசூல் என்னும் களிமண், மற்றொன்று பென்டோனைட்டு. ரசூலின் கனிமமான ஸ்டீவன்சைட்டு, மான்ட்மோரில்லோனைட்டின் இனமே. பென்டோனைட்டோ பெரும்பாலும் மான்ட்மோரில்லோனைட்டேதான். அட்லாண்டிக்கைத் தாண்டிப் புட்டியில் அடைத்து விற்கப்படும் அந்தப் பொருளின் உடன்பிறப்பு கோவில்பட்டி வட்டாரக் கண்மாய்களில் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதை இத்தொடரின் வாசகர்கள் பெருமையோடு எண்ணிப் பார்க்க வேண்டும்.

மண்ணைப் போலவே எண்ணெயிலும் ஓர் ஒற்றுமை உண்டு. கரிசல் புஞ்சையின் ஓரங்களில் விளைந்த ஆமணக்கின் முத்துகளை வறுத்து, இடித்து, நீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பதே செக்குக்குப் போகாமல் வீட்டில் விளக்கெண்ணெய் எடுக்கும் முறை. ஜமைக்காவில் ஆப்பிரிக்க வழிவந்த மக்கள் எடுக்கும் கறுப்பு ஆமணக்கெண்ணெயும் இதே வரிசையில்தான், வறுத்து, இடித்து, கொதிக்கவைத்து எடுக்கப்படுகிறது. இதன் பிசுபிசுப்புக்குக் காரணம், இதில் 85 விழுக்காட்டுக்கும் மேலாக உள்ள ரிசினோலிக் அமிலம். முடியை இது வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. இழையின் மேல் கெட்டியாகப் படர்ந்து ஈரத்தைக் காக்கும் என்ற அளவில் இதை மதிப்பதே நேர்மை. அளவு மீறினால் தீங்கும் உண்டு. நீண்ட கூந்தலுடைய இளம்பெண் ஒருவரின் முடி, விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து தேய்த்துக் குளித்தபின் கம்பளிக் கட்டிபோல் இறுகி, வெட்டியெடுப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போனதை இந்திய மருத்துவர்கள் 2017இல் முடியியல் இதழ் ஒன்றில் பதிவுசெய்துள்ளனர். விளக்கெண்ணெயைத் தனியே வைக்காமல் நல்லெண்ணெயில் சிறிதளவே கலந்து வைக்கும் தாய்மாரின் அளவுக்கணக்கு எவ்வளவு மதிக்கத்தக்கது என்பதற்கு இந்த ஒரு நிகழ்வு போதும்.

இவ்வளவு அறிவும் ஒரு தலைமுறைக்குள் கைநழுவியதில் விலைக்கும் வெட்கத்துக்கும் சம பங்கு உண்டு. கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர் தொடங்கிவைத்ததும், 1983 முதல் அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் விரிவாக்கியதுமான சாஷே ஷாம்பூ, ஒரு ரூபாய்க்கும் அதற்குக் குறைவாகவும் ஊர்க் கடைகளில் தொங்கத் தொடங்கியபோது, கண்மாய்க்குப் போய் மண்ணெடுக்கும் வேலை மிச்சமானது. அந்த வசதியை எவரும் குறை சொல்ல முடியாது. வெட்கம் வேறு வழியாக வந்தது. படியாத முடி அழுக்கின் அடையாளம் என்றும், பரட்டைத் தலை ஒழுங்கின்மையின் அடையாளம் என்றும் வழங்கிய எண்ணம் மிக ஆழமானது. 1977இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ படத்தில் ஊரை வம்புக்கிழுக்கும் ஆளுக்குப் பரட்டை என்ற பெயரே போதுமானதாக இருந்தது. சுருள்முடியுள்ள பெண் குழந்தை இச்சொல்லை முதலில் கேட்பது வெளியாரிடம் அன்று; பள்ளிக்கு நேரமாகிறது என்ற பதற்றத்தில் சீப்போடு போராடும் தாயிடமே அதை முதலில் கேட்கிறது. முடியின் மீது வைக்கப்படும் கை எவ்வளவு அன்பானதாக இருந்தாலும், கூடவே வரும் சொல் அந்த முடி ஒரு குறை என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

அந்தக் குறையுணர்வுக்கு உலகில் நீண்ட சட்ட வரலாறும் பெரிய வணிகமும் உண்டு. 1786இல் ஸ்பானிய ஆட்சியின் கீழிருந்த லூசியானாவில், அடிமைத்தளையற்ற கறுப்பினப் பெண்களும் தலையைத் துணியால் கட்டியே வெளிவர வேண்டும் என்று ஆளுநர் மீரோ ஆணையிட்டார். முடியால் வேலையும் பள்ளியும் மறுக்கப்படுவதைத் தடுக்கும் சட்டம் ஒன்றைக் கலிபோர்னியா மாநிலம் முதன்முதலாக இயற்ற 2019 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலம் முழுவதும் சூடேற்றிய சீப்பும், பிறகு காரமேற்றிய களிம்பும் சுருளை நேராக்கின. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 33,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியிட்ட முடிவின்படி, முடியை நேராக்கும் ரசாயனங்களை அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 விழுக்காடு, பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 விழுக்காடு. ரசாயனமே காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. எனினும் கோவில்பட்டி அழகு நிலையங்களில் திருமணத்துக்கு முன் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துகொள்ளும் பெண்களுக்கும், அதற்குப் பணம் கொடுக்கும் தாய்மாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி அது.

கரம்பைக்குத் திரும்ப விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாக்கடையோ ஆலைக் கழிவோ சேரும் கண்மாயின் மண் தலைக்கு ஆகாது. காட்டு ஓடை நீர் மட்டுமே வந்து சேரும் கண்மாயில், மேல்தோலை நீக்கிவிட்டு எடுத்து, பல நாள் வெயிலில் காயவைத்துச் சலித்ததையே பயன்படுத்த வேண்டும். தலையில் புண் இருக்கும்போது அதுவும் கூடாது.

சடைக்கு இந்த வாரமும் இடமில்லாமல் போய்விட்டது. பள்ளிச் சீருடையோடு சேர்ந்து கட்டாயமாகிவிட்ட ரிப்பன் வைத்து மடித்துக் கட்டும் இரட்டைச் சடை, சுருள்முடிக் குழந்தைகளின் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடியை ஏன் உதிரச் செய்கிறது என்பதும், மருத்துவம் இழுவிசை வழுக்கை என்று கூறும் அந்நிலையைத் தவிர்க்கத் தளர்வாகப் பின்னுவது எப்படி என்பதும் அடுத்த வாரம் விரிவாகக் கூறப்படும்.