இவி ஸ்கூட்டர் வாங்கினா 1.5 லட்சம் வரிச்சலுகையா? கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க



ஜனவரி மாசம் வந்தாலே எங்க ஆபீஸ்ல ஒரே கூட்டம். ஹெச்ஆர் கேட்ட இன்வெஸ்ட்மென்ட் ப்ரூஃபைத் தூக்கிட்டு வருவாங்க. இந்த வருஷம் அப்படி வந்த ஒரு தம்பிக்குச் சம்பளம் வருஷத்துக்கு 11 லட்சம். 2025 ஏப்ரலில் லோன் போட்டு மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருக்கார். ஷோரூமில், "லோன் வட்டிக்கு 1.5 லட்சம் வரை வரிக்கழிவு உண்டு சார்"னு சொல்லியிருக்காங்க. அதை நம்பி, பழைய வரி முறைக்கு மாறுறேன்னு ஹெச்ஆருக்கு மெயிலும் போட்டுட்டார்.

அந்த மெயில் அப்படியே போயிருந்தா அவருக்கு எவ்வளவு நஷ்டம் ஆகியிருக்கும்? வாங்க, பார்க்கலாம்.

80இஇபி: கதவு எப்பவோ மூடியாச்சு

அந்தச் சலுகை உண்மையிலேயே இருந்தது. வருமான வரிச் சட்டம் 1961-ல் பிரிவு 80இஇபி. மின்சார வாகனக் கடனுக்கான வட்டியில் வருஷத்துக்கு ரூ.1,50,000 வரை கழிவு. ஆனா, கடன் 1.4.2019-க்கும் 31.3.2023-க்கும் இடையில் சாங்ஷன் ஆகியிருக்கணும். அதுக்குப் பிறகு வாங்கிய கடனுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

2023 மார்ச்சுக்கு முன்னாடி கடன் வாங்கி இன்னும் கட்டிக்கிட்டிருக்கீங்களா? உங்களுக்குக் கழிவு உண்டு, ஆனா பழைய வரி முறையில் மட்டும்தான்.

இப்போ அந்தத் தம்பி கணக்கு. அப்பா அம்மாவோட சொந்த வீட்டில் இருப்பதால் ஹெச்ஆர்ஏ விலக்கு இல்லை. 80சி முழுசா 1.5 லட்சம் இருக்கு.

- புதிய முறை (2025-26 நிதியாண்டு): 11 லட்சத்தில் நிலைக்கழிவு 75,000 போனால் 10.25 லட்சம். 12 லட்சத்துக்குள் இருப்பதால் ரிபேட் போக வரி பூஜ்யம்.
- பழைய முறை: நிலைக்கழிவு 50,000, 80சி 1.5 லட்சம் போக 9 லட்சம். செஸ் சேர்த்து வரி ரூ.96,200.
- இல்லாத சலுகையை இருக்குன்னு வைத்து, அந்த வருஷ வட்டி சுமார் 10,000-ஐக் கழித்தாலும் வரி ரூ.94,120.

அதாவது சுமார் 2,000 ரூபாயைப் பிடிக்கப் போய் 96,000 ரூபாயைத் தொலைத்திருப்பார். போதாததுக்கு, தகுதியில்லாத கழிவைத் தெரிஞ்சே காட்டினா வரி, வட்டியோட, அந்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதமும் வரலாம். அன்னைக்கே ஹெச்ஆருக்கு இன்னொரு மெயில் போடச் சொல்லி அனுப்பினேன்.

அப்போ இவி வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லலைங்க. வரிக்காக வாங்காதீங்கன்னுதான் சொல்றேன். லாபம் வர்ற இடம் வேற.

தினமும் 30 கிலோமீட்டர், மாசம் 25 நாள் ஓட்டுறீங்கன்னு வைப்போம். மொத்தம் 750 கி.மீ.

பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கி.மீ., பெட்ரோல் ரூ.100 என்றால் மாசம் சுமார் ரூ.1,670. மின்சார ஸ்கூட்டருக்கு 100 கி.மீ.க்கு 3.5 யூனிட் என்றால் மாசம் 26 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்றால் ரூ.130. மிச்சம் சுமார் 1,500 ரூபாய்.

பெட்ரோல் வண்டியைவிட இவி ரூ.25,000 அதிகம்னு வைப்போம். அந்த 25,000-ஐ 12% வட்டியில் 3 வருஷக் கடனா எடுத்தா வட்டி மட்டும் சுமார் 5,000. ஆக 30,000. மாசம் 1,500 மிச்சம் என்றால் 20 மாசத்தில் போட்ட காசு திரும்பி வந்துடும்.

ஆனா தினமும் 10 கி.மீ. மட்டும் ஓட்டுறவருக்கு மிச்சம் மாசம் சுமார் 500 ரூபாய்தான். அவருக்கு ஐந்து வருஷம் ஆகும். வண்டி ஒன்றுதான், ஓட்டுற தூரம்தான் கணக்கை மாத்துது.

ஈபி பில்லை மறந்துடாதீங்க

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாசத்துக்கு ஒரு முறை. யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும். ஸ்கூட்டர் சேர்க்கிற 52 யூனிட் எந்த ஸ்லாபில் போய் விழுதுன்னு பாருங்க. 400-க்குள் என்றால் யூனிட் 5 ரூபாய்க்குள் முடியும். 600-க்கு மேல் என்றால் 9 ரூபாயைத் தாண்டும். 480-ல் நிற்கிற வீடு 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரை இருக்கும் சலுகை ரேட்டும் போயிடும். இரண்டு மாச பில்லில் அது மட்டுமே 200 ரூபாய்க்கு மேல். அப்படியும் பெட்ரோலைவிடக் குறைவுதான், ஆனா கணக்கில் சேர்த்துக்கோங்க.

வாடகை வீடா? சார்ஜிங் பாயின்ட் போட ஓனர் சம்மதிப்பாரா, யூனிட்டுக்கு எவ்வளவு கேட்பார் என்பதை அட்வான்ஸ் புக்கிங் போடும் முன்னாடியே பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கோங்க.

"கரன்டே நிலக்கரியில்தானே வருது?"

நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நம்ம நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியா 0.7 கிலோ. மேலே சொன்ன 750 கி.மீ.க்கு பெட்ரோலில் 38 கிலோ, மின்சாரத்தில் சுமார் 18 கிலோ. நிலக்கரியையும் சேர்த்த கணக்குதான் இது. காரணம், பெட்ரோல் இன்ஜினில் பெரும்பகுதி சக்தி வெப்பமாகவே வீணாகுது, மோட்டாரில் அப்படி இல்லை. இன்னொன்று, பெட்ரோல் வண்டி எத்தனை வருஷம் ஆனாலும் பெட்ரோல்தான் குடிக்கும். இவி அப்படி இல்லை. காற்றாலையும் சோலாரும் கூடக் கூட, நீங்க வாங்கின அதே வண்டி இன்னும் சுத்தமாகும்.

வாங்கும் முன் நாலே விஷயம்

1. மானியத்தை நம்பித் திட்டமிடாதீங்க. இருசக்கர இவிக்கு மத்திய மானியம் 2021-ல் ஒரு கிலோவாட்-அவருக்கு ரூ.15,000. 2023 ஜூனில் 10,000, 2024 ஏப்ரலில் 5,000, 2025 ஏப்ரலில் 2,500. குறைஞ்சுகிட்டேதான் வந்திருக்கு.
2. பேட்டரி வாரன்டி எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர், திறன் எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவாங்க? எழுத்தில் கேளுங்க.
3. ஷோரூம் சொல்ற இஎம்ஐயைப் பார்க்காம வட்டி விகிதத்தைக் கேளுங்க. ஒரு லட்சத்துக்கு 12%, 3 வருஷம் என்றால் இஎம்ஐ ரூ.3,321, மொத்த வட்டி சுமார் ரூ.19,600. உங்க வங்கியிலும் ஒரு கோட்டேஷன் வாங்கிப் பாருங்க.
4. ஓடுற பெட்ரோல் வண்டி நல்லா இருந்தா, விளம்பரம் பார்த்து அவசரப்பட்டு மாத்தாதீங்க. அடுத்த வண்டி வாங்க வேண்டிய நேரம் வரும்போது இந்தக் கணக்கைப் போடுங்க.

உங்க கிலோமீட்டர், உங்க ஈபி ஸ்லாப், உங்க வட்டி விகிதம். இந்த மூணையும் ஒரு பேப்பரில் எழுதிட்டு ஷோரூமுக்குப் போங்க. கணக்கு போடும் முறையைப் படிப்படியா நம்ம சேனல் வீடியோவில் காட்டியிருக்கேன். பழைய முறையா புதிய முறையான்னு ஹெச்ஆருக்கு மெயில் போடும் முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க.