கணினித் துறைக்குப் போகும் பிள்ளைகளே, உடம்பும் ஓர் அடிப்படைப் பாடம்

நிரலாக்கம் கற்கத் தொடங்கும் நம் இளைஞர்கள் எதை முதலில் கவனிக்க வேண்டும்? தொழில்நுட்ப அடிப்படையையா, உடல்நலத்தையா?

அடிப்படை தெரியாமல் இத்துறையில் நிலைக்க முடியாது. தரவுக் கட்டமைப்பும் பிழை திருத்தமும் புரிந்தவருக்குப் புதிய நிரல்மொழி பெரிய சுமையல்ல. இன்று செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறது. அது சரியா என்று பார்க்க விவரம் தெரிந்தவர் வேண்டும்.

ஆனால், நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். நாள் முழுக்க நாற்காலி, நள்ளிரவில் ரொட்டி சானாய், தே தாரேக் என்றால் உடம்பு என்னாகும்?

தூக்கம் கெட்டால் படித்ததும் மனத்தில் தங்காது. ஆகவே, இவை இரண்டும் போட்டியல்ல.

வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரலுக்கு வேலைக்கு வருபவர், மதிய உணவுக்குப் பிரிக்பீல்ட்ஸ் வரை விறுவிறுவென நடந்தாலே அதில் ஒரு பங்கு சேர்ந்துவிடும். குடும்பத்தில் நீரிழிவு இருந்தால், வயது குறைவு என்று இருந்துவிடாமல் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

விட்டுப்போன பாடத்தை முப்பது வயதிலும் படிக்கலாம். வந்துவிட்ட நீரிழிவைத் திருப்பி அனுப்புவது எளிதல்ல.