குந்தா நீரும் பாடிப் பட்டறையும்

மின்சாரத்தைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் எத்தனை யூனிட் உற்பத்தியாயிற்று என்றே கேட்கின்றனர். எந்த வேளையில் உற்பத்தியாயிற்று என்று கேட்பவர் அரியர். அரிசிக்குப் படிக்கணக்குப் பார்ப்பதுபோல் மின்சாரத்துக்கும் கணக்குப் பார்க்கிறோம். ஆனால் அரிசியைக் குதிரில் கொட்டி வைத்து வேண்டியபோது அள்ளிக்கொள்ளலாம். மின்சாரமோ உண்டான கணமே செலவாக வேண்டிய பண்டம். ஒரு மாகாணத்துக்குப் போதுமான அளவில் அதைச் சேர்த்து வைப்பது எளிய காரியமன்று. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால்தான், நீலகிரி மலையில் நம்மவர் கட்டிய குந்தா ஜலசக்தித் திட்டத்தின் அருமையும், அதன் இன்றைய நிலையைக் குறித்து நாம் கவலைகொள்ள வேண்டிய காரணமும் விளங்கும்.

சென்னைக்கு மேற்கே, திருவலிதாயம் என்ற பெயரால் தேவாரப் பாடல் பெற்ற பாடி என்னும் ஊரை வாசகர் அறிவர். அங்கே கோவில் மணி ஓசையினும் இயந்திரங்களின் ஓசையே இன்று மிகுதி. இம்மாறுதல் தானாக வந்ததன்று. 1955 ஜனவரியில் பாடிக்கு மேற்கேயுள்ள ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ பாணிச் சமுதாயமே நமது குறிக்கோள் என்று தீர்மானம் செய்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1960-க்குப் பின்வந்த சில ஆண்டுகளில் மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய மின்கருவிகளும் சக்கரங்களும் செய்யும் ஆலைகள் பாடியில் எழுந்தன. 1964-இல் அருகே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றிற்று. தீர்மானம் போடுவது எளிது. சக்கரம் சுழலச் சக்தி வேண்டுமே! நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியால் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1962-இல். எண்ணூர் அனல் நிலையம் வந்தது 1970-இல். அதுவரையில் நம் ராஜ்யத்துத் தொழில்களைப் பெரும்பாலும் தாங்கி நின்றவை மலைநீரும் ஆற்றுநீருமே. பல நிலையங்களின் மின்சாரமும் ஒரே கம்பி வலையில் கலந்துவிடுவதால், பாடியில் எரிந்த இந்த யூனிட் இந்த அருவியிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது. எனினும், அப்பட்டறைகள் பிறந்த பத்தாண்டும் குந்தா பிறந்த பத்தாண்டும் ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது.

ஜலசக்தியின் கணக்கு இரண்டே விஷயங்களில் அடங்கும்: எவ்வளவு நீர், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பன. விநாடிக்கு ஒரு கன அடி நீர் 3000 அடி உயரத்திலிருந்து விழுந்தால், கணக்கின்படி சுமார் 340 குதிரைச் சக்தி கிடைக்கும். அதே நீர் 100 அடி விழுந்தால் 11 குதிரைச் சக்திதான். 1902-இல் மைசூர் சமஸ்தானம் சிவசமுத்திரத்தில் காவேரியின் வீழ்ச்சியைக் கொண்டு கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பியபோது, நம் ராஜதானியின் சர்க்கார் நீலகிரியின் அருவிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து 1929-இல்தான் பைகாரா வேலை தொடங்கிற்று. நிர்வாக சபையில் அங்கம் வகித்த சர் சி. பி. ராமசாமி ஐயர் அதற்குக் கொடுத்த ஊக்கத்தை, அவருடைய அரசியலை ஒப்பாதவர்களும் ஒப்புவர். 1932-இல், ஏறக்குறைய 3000 அடி உயரத்திலிருந்து ராட்சதக் குழாய்களின் வழியே இறங்கிய நீர் சிங்காராவில் சக்கரங்களைச் சுழற்றிற்று. கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் பெருகியதற்கு இதனினும் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

மேட்டூர் இதற்கு நேர்மாறானது. அங்கே நீர் ஏராளம், உயரம் குறைவு. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அவ்வணையின் நீளம் 5300 அடி. 120 அடி மட்டம் நிரம்பினால் 93 டி. எம். சி.-க்கு மேல் நீர் நிற்கும். 1937-இல் அணையின் அடியில் மின்சார நிலையம் இயங்கத் தொடங்கிற்று. ஆயினும் மேட்டூரில் எஜமானன் தஞ்சை ஜில்லாவின் வயலே. மின்சாரம் வேலைக்காரன் மட்டுமே. பாசனத்துக்கு மதகு திறந்தால் இயந்திரம் ஓடும், மூடினால் நிற்கும். அது நியாயமும்கூட. அந்த நீருக்காகப் பல கிராமங்கள் மூழ்கின. மட்டம் தாழும்போது பண்ணவாடியில் நந்தியும் மாதாகோவிலின் கோபுரமும் நீருக்கு மேல் தலைதூக்குவதைக் கண்டவர், அணை என்பது செலவில்லாமல் வருவதன்று என்பதை மறவார்.

குந்தாவுக்கு வருவோம். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்ட காலத்தில், காமராஜர் முதன்மந்திரியாயிருந்தபோது, கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா தேசம் அளித்த உதவியுடன் இவ்வேலை தொடங்கிற்று. 1960-இல் முதல் மின்சாரம் கிடைத்தது. இத்திட்டத்தின் சிறப்பு ஒரு பெரிய அணையில் இல்லை. ஒரே நீரைத் திரும்பத் திரும்ப வேலை வாங்கும் சாமர்த்தியத்தில் இருக்கிறது. மேல் பவானியில் தேங்கும் நீர் முதலில் ஒரு நிலையத்தில் இறங்கி அவலாஞ்சி, எமரால்டு ஏரிகளைச் சேர்கிறது. அங்கிருந்து சுரங்கவழியாகக் குந்தா நிலையத்துக்கும், பின் கெத்தைக்கும், பின் பரளிக்கும் இறங்கிக் கடைசியில் பில்லூர் அணையை அடைகிறது. இப்படி ஐந்து நிலையங்களில் உழைத்த பின்பும் அந்நீரில் குறைவில்லை. பவானி ஆற்றோடு போய்ப் பவானிசாகரில் தேங்கி வயலுக்குப் பாய்கிறது. கெத்தையில் 175 மெகாவாட், பரளியில் 180, பில்லூரில் 100 என்று, பிற்காலத்தில் சேர்ந்த பார்சன்ஸ் பள்ளத்தாக்கு நிலையத்தையும் கூட்டி, மொத்தம் 585 மெகாவாட். பள்ளத்தாக்குகளில் பனியிலும் மழையிலும் குடைந்து இதைச் செய்து முடித்த தொழிலாளரின் பெயர்களை எந்தக் கல்வெட்டிலும் காணோம்.

இனி வேளையைப் பற்றிய பேச்சு. நிலக்கரிக் கொதிகலனைச் சூடேற்றி மின்சாரம் எடுக்கப் பல மணி நேரம் ஆகும். மலையில் நிற்கும் நீருக்கோ சில நிமிஷங்கள் போதும்; வால்வைத் திறந்தால் சக்கரம் சுழலும். மாலையில் வீடுதோறும் விளக்கெரிய, ஆலையும் ஓட, தேவை திடீரென உயரும்போது கைகொடுப்பது இதுவே. அந்த உச்ச வேளையில் மின்சாரம் கொள்ளும் பெரிய ஆலைகள் 25 சதவீதம் மிகுதியாகக் கட்டணம் செலுத்துகின்றன. 2022-இல் சிறு தொழில்களின்மீதும் இக்கட்டணம் நீட்டப்பட்டு, எதிர்ப்பு எழுந்த பின்னரே ஓரளவு குறைக்கப்பட்டது. ஆகவே குந்தாவில் நீர் எந்த மணிக்கு இறங்குகிறது என்பது பாடியில் நான்கு ஆட்களை வைத்துக் கடைசல் பட்டறை நடத்துபவனின் லாப நஷ்டத்தைத் தொடும் விஷயம். 2012-இல் சென்னையில் நாளொன்றுக்கு 2 மணி நேர மின்வெட்டு விதிக்கப்பட்டதையும், வெளி ஜில்லாக்கள் அதனினும் பன்மடங்கு துன்புற்றதையும் ஜனங்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இன்று நம் ராஜ்யத்தில் காற்றாலைகளின் திறன் மட்டும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்றோ தன் இஷ்டப்படி வீசும். சூரியனோ மாலையில், நமக்கு மிக வேண்டிய வேளையில், மறைந்துவிடுவான். இதற்குப் பரிகாரம் கடம்பாறையில் 1980-களின் இறுதியிலேயே செய்து காட்டப்பட்டது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் ஏரியின் நீரை மேல் ஏரிக்கு ஏற்றி வைத்து, தட்டுப்பாட்டு நேரத்தில் இறக்கிக்கொள்வதே அம்முறை. அங்கே 400 மெகாவாட் கிடைக்கும். ‘நான்கு யூனிட் செலவிட்டு மூன்று யூனிட் பெறுவது என்ன வியாபாரம்?’ என்று சிலர் நகைக்கின்றனர். வாங்க ஆளில்லாத நான்கை விட, வேண்டியபோது கையிலிருக்கும் மூன்று மேலானது என்பதை அறுவடைக் காலத்து நெல் விலையை அறிந்த எந்தக் குடியானவனும் சொல்லுவான்.

குந்தாவிலும் இவ்வாறே 500 மெகாவாட் நிலையம் அமைப்பதென முடிவாயிற்று. மேலே போர்த்திமந்து ஏரி, கீழே அவலாஞ்சி, எமரால்டு ஏரிகள். மூன்றும் முன்னமே கட்டப்பட்டவை. புதிய அணை வேண்டாம், புதிதாக ஒரு பள்ளத்தாக்கையும் மூழ்கடிக்க வேண்டாம். சுரங்கவழியும் பூமிக்கடியில் ஒரு யந்திரசாலையுமே வேண்டியவை. இவ்வளவு சௌகரியமான வேலையில் கெடு ஒன்றன்பின் ஒன்றாகத் தவறியது ஏன் என்று நிர்வாகத்தினரைக் கேட்கப் பொதுஜனங்களுக்கு உரிமையுண்டு. 2024-இல் மின்சாரக் கழகத்தை உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என்று மூன்றாகப் பிரித்தார்கள். பலகை மாறியதால் சுரங்கம் ஓர் அடியும் நீளவில்லை.

வண்டலின் தொல்லையோ வேறு. சரிவுகளில் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிரிடும் நிலங்களிலிருந்து மழை மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய மழை கொணரும் மண் தேக்கங்களில் படிந்து, நீருக்குரிய இடத்தைத் தின்றுவிடுகிறது. கோயம்புத்தூருக்குக் குடிநீர் தரும் பில்லூரே இதனால் இளைத்து நிற்கிறது. மண்ணை அள்ளுவது திறப்பு விழாவுக்குரிய வேலையன்று. ஆகையால்தான் அது பின்தள்ளப்படுகிறது போலும்!

இதற்கிடையே, அதே மலையில் சில்லஹல்லாவில் 1000 மெகாவாட்டுக்குப் புதிய அணைகளுடன் மற்றொரு திட்டம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அங்குள்ள கிராமத்தார் நிலமும் நீரோடையும் போய்விடும் என்று அஞ்சி எதிர்க்கின்றனர். அவர்களை முன்னேற்றத்தின் விரோதிகள் என்று ஏசுவது தகாது. உள்ள ஏரிகளின் மண்ணை வாராமல், உள்ள ஏரிகளை இணைக்கும் சுரங்கத்தைக் குறித்த காலத்தில் முடிக்காமல், புதிய பள்ளத்தாக்கைக் கேட்பவர்களே முதலில் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள். போர்த்திமந்து நீர் இறங்கி நான்கு இயந்திரங்களும் முழுதாக ஓராண்டு ஓடட்டும். எந்தெந்த மாலையில் எத்தனை மெகாவாட் கிடைத்ததென்ற பட்டியலைச் சர்க்கார் வெளியிடட்டும். சில்லஹல்லாவைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.